தொலைவிலுள்ள விமான நிலையத்துக்கு எப்படிப் போவது? முதல்முறை பயணிப்போருக்கான வழிகாட்டி

நகரத்திலிருந்து நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் விமான நிலையத்துக்கு முதல்முறையாகக் கிளம்புகிறவர்கள் எல்லாரும் கேட்பது, எதில் போனால் சீக்கிரம் போகலாம் என்பதுதான். அதற்கு விடை எளிதில் கிடைத்துவிடும். ஆனால் அந்த விடையால் பயன் அதிகமில்லை. ஒரு மணி நேரத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும் என்று நம்பி ஏறிய வண்டி, அன்றைக்கென்று பார்த்து இரண்டரை மணி நேரம் எடுத்துக்கொள்ளும்போதுதான் விமானம் கைநழுவுகிறது. ஆகவே, ஒரு வழியில் வழக்கமாக எவ்வளவு நேரம் ஆகும் என்று பார்த்ததும் நின்றுவிடாமல், நிலைமை கெட்டுப்போன நாளில் அதே வழியில் எவ்வளவு நேரம் ஆகும் என்றும் கேட்டுப் பார்த்து முடிவெடுக்க வேண்டும்.

விமான நிலையங்கள் இவ்வளவு தொலைவில் அமைவதற்குக் காரணம் உண்டு. பெரிய விமானங்களுக்கு ஓடுபாதை ஒன்றுக்கே மூன்று முதல் நான்கு கிலோமீட்டர் நீளம் வேண்டும். இரைச்சலைத் தாங்கிக்கொள்ள வேண்டிய குடியிருப்புகள் அருகில் குறைவாக இருக்க வேண்டும். பிற்காலத்தில் விரிவுபடுத்த வெற்றிடம் வேண்டும். டென்வரில் 1995ஆம் ஆண்டிலும், ஆஸ்லோவிலும் கோலாலம்பூரிலும் 1998ஆம் ஆண்டிலும் நகரத்தை ஒட்டியிருந்த பழைய நிலையங்களின் இடத்தை நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் தள்ளிய புதிய நிலையங்கள் பிடித்துக்கொண்டன. இத்தகைய இடங்களுக்குப் போவது நகருக்குள் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போவது போன்றதன்று. அதைத் தனியொரு பயணமாகவே திட்டமிட வேண்டும்.

எந்த நிலையம், எந்த முனையம்

வண்டியைப் பற்றி யோசிக்கும் முன் டிக்கெட்டை எடுத்து, விமான நிலையத்தின் முழுப் பெயரையும் அதன் மூன்றெழுத்துக் குறியீட்டையும் படிக்க வேண்டும். ஒரே நகரத்துக்கு இரண்டு, மூன்று விமான நிலையங்கள் இருப்பது இன்று சாதாரணம். டோக்கியோ என்று அச்சிட்டிருந்தால் அது நகரின் மையத்திலிருந்து ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர் தள்ளியுள்ள நரிதாவாகவும் இருக்கலாம், பதினைந்து கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஹனேதாவாகவும் இருக்கலாம். மலிவுக் கட்டண நிறுவனங்கள் பயன்படுத்தும் நிலையங்களில் இன்னும் கவனம் தேவை. பிராங்பேர்ட்டின் பெயரைத் தாங்கிய ஹான் விமான நிலையம் அந்நகரிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. பாரிஸின் பெயரோடு விற்கப்படும் போவே நிலையமும் அந்நகரிலிருந்து எண்பது கிலோமீட்டர் அளவில் தள்ளியே இருக்கிறது. டிக்கெட்டில் மிச்சமான பணம் சாலையில் கரைந்துவிடுவது பெரும்பாலும் இப்படித்தான்.

நிலையம் தெரிந்த பிறகு முனையத்தைப் பார்க்க வேண்டும். பெரிய நிலையங்களில் முனையங்களுக்கிடையே நடந்து போக முடியாத தூரம் இருக்கும். ரயிலும் பேருந்தும் எல்லா முனையங்களிலும் நிற்கும் என்ற உறுதியும் இல்லை. லண்டன் ஹீத்ரோவுக்குச் செல்லும் பிக்காடிலி சுரங்க ரயில் தடத்தில், நான்காம் முனையத்துக்கான ரயில்களும் ஐந்தாம் முனையத்துக்கான ரயில்களும் வெவ்வேறு. தடத்தின் பெயரை மட்டும் பார்த்து ஏறியவர் இறங்கி மாற வேண்டியிருக்கும். முனைய எண் சில வேளைகளில் கடைசி நாட்களில் மாற்றப்படுவதால், டிக்கெட் வாங்கிய அன்று பார்த்ததோடு விட்டுவிடாமல், கிளம்புவதற்கு முந்தைய நாளும் விமான நிறுவனத்தின் செயலியில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது.

நேரத்தைப் பின்னிருந்து கணக்கிடுதல்

டிக்கெட்டில் உள்ள புறப்பாட்டு நேரம் என்பது விமானம் தன் நிறுத்தத்தை விட்டு நகரும் நேரம். பயணிக்கு உண்மையில் முக்கியமான நேரங்கள் அதற்கு முன்பே வந்து போய்விடுகின்றன. பெட்டிகளை ஒப்படைக்கும் கவுன்டர், பன்னாட்டு விமானங்களுக்குப் பெரும்பாலும் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே மூடப்படுகிறது. உள்நாட்டு விமானங்களுக்கு நிறுவனத்தைப் பொறுத்து அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு. விமானத்தில் ஏறும் வாயில் பதினைந்து, இருபது நிமிடங்கள் முன்பே அடைக்கப்படும். இவற்றில் கவுன்டர் மூடும் நேரமே உங்கள் உண்மையான கெடு. அதை உங்கள் நிறுவனத்தின் விதிகளில் தேடிப் படித்துக் குறித்துக்கொள்ளுங்கள். கைப்பையோடு மட்டும் செல்பவர், ஆன்லைனில் செக்-இன் செய்திருந்தால், அதாவது தன் வருகையை இணையத்திலேயே முன்கூட்டிப் பதிவுசெய்திருந்தால், கெடுவை ஏறும் வாயிலிலிருந்து கணக்கிடலாம். ஆனால் பாதுகாப்புச் சோதனையிலும் குடியேற்றச் சோதனையிலும் நிற்கும் வரிசையின் நீளம் யாருடைய கையிலும் இல்லை என்பதால் அதற்கும் தாராளமாக நேரம் ஒதுக்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டாக, காலை 10:30க்குப் புறப்படும் பன்னாட்டு விமானத்தை எடுத்துக்கொள்வோம். கவுன்டர் 9:30க்கு மூடும். வரிசைகளை நினைத்து, 8:00 மணிக்குக் கவுன்டர் முன் நிற்பது என்று வைத்துக்கொள்வோம். ரயில் நடைமேடையிலிருந்தோ இறக்கிவிடும் இடத்திலிருந்தோ கவுன்டர் வரை செல்லப் பதினைந்து நிமிடம். இந்தியா போன்ற சில நாடுகளில் முனைய வாசலிலேயே டிக்கெட்டும் அடையாள ஆவணமும் சரிபார்க்கப்படும் என்பதால் அங்கே இன்னும் சற்றுக் கூடுதல். ஆகவே 7:45க்கு நிலையத்தில் இறங்கியாக வேண்டும். சாலையில் கெட்ட நாளில் இரண்டு மணி நேரம் ஆகும் என்றால் 5:45க்கு வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். ரயிலில் வீட்டிலிருந்து ஏறும் நிலையம் வரை இருபது நிமிடம், ஒரு ரயிலைத் தவறவிட்டால் காத்திருக்க முப்பது, பயணம் நாற்பது என்றால் 6:15க்குக் கிளம்பினால் போதும்.

இந்தக் கணக்கைப் போட்டவுடன் தேர்வு பாதி முடிந்துவிடும். முதல் ரயில் 8:00 மணிக்குத்தான் கிளம்புகிறது என்றால், அது எவ்வளவு வேகமாக ஓடினாலும் உங்களுக்குப் பயனில்லை. எனவே முதல் வண்டி, கடைசி வண்டி ஆகியவற்றின் நேரங்களை வேறு எதையும் ஒப்பிடுவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். வார நாள், ஞாயிறு, விடுமுறை நாள் ஆகியவற்றுக்குத் தனித்தனி அட்டவணை இருக்கும்.

வீட்டு வாசலிலிருந்து அளத்தல்

விளம்பரங்களில் சொல்லப்படும் பயண நேரம் ஒரு நிலையத்திலிருந்து இன்னொரு நிலையத்துக்கு உரியது. உங்களுடைய பயணமோ வீட்டுக் கதவைப் பூட்டும் இடத்தில் தொடங்குகிறது. ஷாங்காயில் புதோங் விமான நிலையத்தையும் லோங்யாங் சாலை நிலையத்தையும் இணைக்கும் காந்த மிதவை ரயில் முப்பது கிலோமீட்டரை எட்டு நிமிட அளவில் கடந்துவிடுகிறது. உலகின் மிக வேகமான விமான நிலைய ரயில்களில் ஒன்றான அது, நகரின் மையம் வரை செல்வதில்லை. மையத்தில் தங்கியிருப்பவர் முதலில் மெட்ரோவிலோ டாக்சியிலோ லோங்யாங் சாலை வரை வந்து, பெட்டிகளோடு மாறி ஏற வேண்டும். அந்த எட்டு நிமிடத்தைச் சுற்றி மேலும் ஐம்பது நிமிடங்கள் இருக்கக்கூடும். மாறாக, கோலாலம்பூரின் விரைவு ரயில் நகரின் முதன்மை ரயில் நிலையத்திலிருந்து இடையில் எங்கும் நிற்காமல் 28 நிமிடங்களில் முதல் முனையத்தை அடைகிறது. அந்த முதன்மை நிலையத்தின் அருகில் தங்கியிருப்பவருக்கு அதற்கு ஈடு இல்லை, நகரின் மறுகோடியில் தங்கியிருப்பவருக்கோ அதே ரயில் சுற்றுவழி. எந்த வண்டி சிறந்தது என்று பொதுவாகக் கேட்பதில் பொருளில்லாமல் போவது இதனால்தான். நீங்கள் எந்த இடத்திலிருந்து கிளம்புகிறீர்கள் என்பதைச் சேர்த்துக் கேட்டால்தான் விடை கிடைக்கும்.

ஆகவே ஒவ்வொரு வழிக்கும் ஒரு தாளில் எல்லாக் கட்டங்களையும் எழுதிக்கொள்ளுங்கள்: முதல் நிலையம் வரை செல்லும் நேரம், டிக்கெட் வாங்கும் நேரம், காத்திருப்பு, பயணம், வண்டி மாறுதல், கடைசி நடை. காத்திருப்பைக் கணக்கிடும்போது, இருபது நிமிடத்துக்கு ஒரு வண்டி என்றால் சராசரியாகப் பத்து நிமிடம் என்று எடுத்துக்கொள்ளாமல், முழு இருபது நிமிடத்தையும் எழுதுவதே பாதுகாப்பு. வண்டி மாறும் ஒவ்வோர் இடத்துக்கும் வரைபடச் செயலி காட்டும் நேரத்தை நான் நம்புவதில்லை. அது வெறுங்கையோடு வேகமாக நடப்பவருக்கான நேரம். இரண்டு பெட்டிகளோடு மின்தூக்கியைத் தேடி நடப்பவருக்கு அதைப்போல் இரு மடங்கு ஆகலாம்.

கெட்ட நாளின் கணக்கு

சாலைக்கும் தண்டவாளத்துக்கும் இடையே உள்ள உண்மையான வேறுபாடு அவை கெடும் விதத்தில் இருக்கிறது. சாலைப் பயணம் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடும். நள்ளிரவில் ஐம்பது நிமிடத்தில் கடக்கும் தூரம், அலுவலக நேரத்தில் ஒன்றரை மணி நேரமாகும். மழை சேர்ந்தால் இரண்டு. நெடுஞ்சாலையில் விபத்து நடந்துவிட்டால் இன்னும் கூடும். ஆனால் எவ்வளவு கெட்டாலும் ஓட்டுநர் பக்கத்துச் சாலை ஒன்றைத் தேடிப் பிடிக்க வாய்ப்பு உண்டு. ரயில் பெரும்பாலான நாட்களில் நிமிடக் கணக்கில் சரியாக ஓடும். கெட்டால் முழுதாகவே நின்றுவிடும். சமிக்ஞைக் கோளாறோ மின்தடையோ வேலைநிறுத்தமோ ஏற்பட்டால் ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் டாக்சி தேடி வெளியே வருவார்கள். ஆகவே ரயிலைத் தேர்ந்தெடுப்பவர், சாலைக்கு மாறினாலும் போய்ச் சேரும் அளவுக்கு நேரத்தைக் கையில் வைத்துக்கொண்டு கிளம்ப வேண்டும்; டாக்சியைத் தேர்ந்தெடுப்பவர், நெரிசல் நேரத்தின் மேல் எல்லையைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

அந்த மேல் எல்லையை அறிய ஒரு வழி இருக்கிறது. வரைபடச் செயலிகளில் குறிப்பிட்ட நாளையும், எத்தனை மணிக்குள் சேர வேண்டும் என்பதையும் கொடுத்துக் கேட்கும் வசதி உண்டு. கார் பயணத்துக்கு அவை பெரும்பாலும் ஒற்றை எண்ணைச் சொல்லாமல், ஒரு மணி பத்து நிமிடம் முதல் இரண்டு மணி வரை என்பது போன்ற வரம்பைக் காட்டும். பெரிய எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். முடிந்தால், ஒரு வாரம் முன்பு அதே கிழமையில், அதே நேரத்தில் செயலியைத் திறந்து அப்போதைய நெரிசலைப் பார்த்துவையுங்கள். நீண்ட விடுமுறைக்கு முந்தைய மாலையும் விடுமுறை முடியும் மாலையும் எந்தச் செயலியின் கணிப்புக்கும் கட்டுப்படாதவை. அந்நாட்களில் சாலையைத் தவிர்க்க முடிந்தால் தவிர்ப்பதே மேல்.

மாற்று வழி என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது, அது உண்மையிலேயே வேறு வழியா என்று பார்க்க வேண்டும். ஜப்பானின் கன்சாய் விமான நிலையம் கடலில் மண் நிரப்பி உருவாக்கிய தீவில் 1994ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அதைக் கரையோடு இணைக்கும் பாலம் ஒன்றே. மேல் தளத்தில் சாலை, கீழ்த் தளத்தில் தண்டவாளம். 2018 செப்டம்பர் 4ஆம் தேதி வீசிய சூறாவளியில் ஒரு டேங்கர் கப்பல் அந்தப் பாலத்தில் மோதியபோது ரயிலும் சாலையும் ஒன்றாகவே முடங்கின. ஆயிரக்கணக்கானோர் இரவு முழுவதும் நிலையத்தில் சிக்கிக்கொண்டார்கள். மறுநாள் படகுகளிலும் பேருந்துகளிலும் வெளியேற்றப்பட்டார்கள். பாலத்தின் வழியே ரயில் மீண்டும் ஓட இரண்டு வாரங்கள் ஆயின. இது அரிய நிகழ்வுதான். எனினும், பேருந்தும் டாக்சியும் ஒரே நெடுஞ்சாலையில் போகின்றன என்றால் நெரிசல் நாளில் ஒன்று மற்றொன்றுக்கு மாற்றாகாது என்ற சாதாரண உண்மையும் இதில் அடங்கியிருக்கிறது. ரயிலுக்குச் சாலையும் சாலைக்கு ரயிலும் மாற்றாக இருப்பதே பொதுவாக நல்ல ஏற்பாடு.

வண்டிகளின் குணம்

விமான நிலையத்துக்கென்றே ஓடும் விரைவு ரயிலில் பெட்டி வைக்க இடமும் நிம்மதியான இருக்கையும் கிடைக்கும். கட்டணம் கூடுதல். டோக்கியோவிலிருந்து நரிதாவுக்குச் செல்லும் விரைவு ரயில்களைப் போல, சிலவற்றில் இருக்கை முன்பதிவு கட்டாயம். அதே தடத்தில் எல்லா நிலையங்களிலும் நின்று செல்லும் சாதாரண ரயிலோ மெட்ரோவோ இருந்தால், பதினைந்து, இருபது நிமிடம் கூடுதலாகச் செலவிடத் தயாராக இருப்பவருக்கு அது பாதிக்கும் குறைவான செலவில் முடியலாம். ஆனால் காலை எட்டரை மணி மெட்ரோவில் இரண்டு பெரிய பெட்டிகளோடு ஏறுவது உங்களுக்கும் சுகமில்லை, மற்றவர்களுக்கும் சுகமில்லை.

விமான நிலையப் பேருந்தைப் புதியவர்கள் பலர் கணக்கிலேயே எடுத்துக்கொள்வதில்லை. என் கருத்தில் தனியாகப் பயணிப்பவருக்குப் பல நகரங்களில் அதுவே நியாயமான தேர்வு. பெட்டிகள் பேருந்தின் வயிற்றுக்குள் போய்விடும், இடையில் மாற வேண்டியதில்லை, பெரும்பாலும் முனைய வாசலிலேயே இறக்கிவிடும், ரயில் ஓடாத பின்னிரவிலும் சில நகரங்களில் ஓடும். நெரிசல் அதன் குறை. இன்னொரு குறை, வழியில் ஏறுபவர்களுக்கு இடம் கிடைக்காமல் போவது. புறப்படும் நிறுத்தத்திலோ முன்பதிவு செய்தோ ஏறுவது நல்லது.

டாக்சியைப் பற்றி மூன்று செய்திகளைத் தெரிந்துகொண்டால் போதும். முதலாவது, செயலியில் முந்தைய இரவே பதிந்துவைப்பது பல நிறுவனங்களில் ஒரு வேண்டுகோள் மட்டுமே; அந்த நேரத்தில் ஓட்டுநர் கிடைப்பார் என்ற உறுதியை அது தருவதில்லை. விடிகாலை நாலரை மணிக்கு, நகரின் ஓரத்திலிருக்கும் தெருவில், இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியும். அத்தகைய நேரங்களுக்கு, ஓட்டுநரின் பெயரையும் வண்டி எண்ணையும் முன்பே அனுப்பி உறுதிசெய்யும் வாடகைக் கார் சேவையே ஏற்றது. இரண்டாவது, மீட்டரா, நிலையான கட்டணமா, சுங்கக் கட்டணமும் நிலைய நுழைவுக் கட்டணமும் யாருடைய பொறுப்பு என்பதை ஏறும் முன்பே கேட்டுவிட வேண்டும். மூன்றாவது, டிக்கியின் அளவு. எரிவாயு உருளை பொருத்திய கார்களில் டிக்கியின் பெரும்பகுதியை அதுவே அடைத்துக்கொண்டிருக்கும். நான்கு பேர், நான்கு பெட்டிகள் என்றால் பெரிய வண்டியைத்தான் கேட்க வேண்டும். குழந்தைக்குத் தனி இருக்கை சட்டப்படி கட்டாயமாக உள்ள நாடுகளில் அதையும் முன்பதிவின்போதே சொல்ல வேண்டும்.

சொந்தக் காரில் சென்று அங்கேயே நிறுத்திவிட்டுப் போவது இரண்டு, மூன்று நாள் பயணத்துக்குப் பொருந்தும். நீண்ட பயணங்களில் நிறுத்தக் கட்டணம் நாள்தோறும் ஏறிக்கொண்டே போகும். கட்டணம் குறைந்த நிறுத்துமிடங்கள் முனையத்திலிருந்து தள்ளியிருக்கும். அங்கிருந்து வரும் இணைப்புப் பேருந்துக்கான நேரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். நீண்ட விமானப் பயணம் முடிந்து தூக்கக் கலக்கத்தோடு ஐம்பது கிலோமீட்டர் ஓட்டித் திரும்ப வேண்டியிருக்கும் என்பதை மறக்கக் கூடாது. உறவினரோ நண்பரோ கொண்டுவிடுவதாகச் சொன்னால், அவருக்கு அது இருவழிப் பயணம் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

அதிகாலை விமானமாக இருந்து, பொதுப் போக்குவரத்து எதுவும் இல்லாமல், டாக்சியும் உறுதியில்லை என்றால், முந்தைய இரவே சென்று நிலையத்தின் அருகில் தங்குவதை ஆடம்பரம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். இரவு டாக்சிக் கட்டணத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால் வேறுபாடு சில வேளைகளில் சிறிதாகவே இருக்கும்.

செலவை ஒப்பிடும்போது தலைக்கு எவ்வளவு என்று பார்க்காமல், குழுவுக்கு மொத்தம் எவ்வளவு என்று பாருங்கள். தனியாளுக்கு மலிவாக இருக்கும் விரைவு ரயில், நான்கு பேருக்கு டாக்சியை விட அதிகமாகிவிடுவது வழக்கமானதே. முதியவரோ நடக்கச் சிரமப்படுபவரோ உடன் வந்தால் பணத்தை விட, எத்தனை முறை ஏறி இறங்க வேண்டும் என்பதே முதல் அளவுகோலாக இருக்கட்டும். விமான நிறுவனத்திடம் சக்கர நாற்காலி கேட்டிருந்தால் அது பெரும்பாலும் முனையத்துக்குள்தான் கிடைக்கும். ரயில் நிலையத்திலிருந்து முனையம் வரையான நடைக்குத் தனி ஏற்பாடு தேவைப்படலாம்.

பெட்டிகளின் சுமையைக் குறைக்கும் ஒரு வசதியும் சில நகரங்களில் உண்டு. ஹாங்காங்கிலும் தில்லியிலும் விமான நிலைய விரைவு ரயிலின் நகர நிலையங்களிலேயே குறிப்பிட்ட சில நிறுவனங்களின் பயணிகள் செக்-இன் செய்து பெட்டிகளை ஒப்படைத்துவிடலாம். எல்லா நிறுவனங்களுக்கும் இது பொருந்தாது. விமான நிலையக் கவுன்டரை விட முன்னதாகவே மூடியும் விடுவார்கள். அதேபோல், ரயில் பயணமும் விமானப் பயணமும் விமான எண்ணோடு ஒரே டிக்கெட்டில் விற்கப்பட்டால், ரயில் தாமதமாகும்போது மாற்று விமானத்தில் இடம் தரும் பொறுப்பு பெரும்பாலும் விமான நிறுவனத்தைச் சேரும். தனித்தனியாக வாங்கினால் அந்தப் பாதுகாப்பு இல்லை.

முந்தைய நாளும் கிளம்பும் நாளும்

முந்தைய மாலையில் நான்கு காரியங்களை முடித்துவிட வேண்டும்: முனைய எண்ணைச் சரிபார்த்தல், ரயில் தடத்தில் பராமரிப்புப் பணியோ வேலைநிறுத்தமோ அறிவிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்தல், ஆன்லைனில் செக்-இன் செய்து போர்டிங் பாஸை இணைய இணைப்பில்லாமலும் திறக்கும்படி செல்பேசியில் சேமித்தல், டாக்சி என்றால் ஓட்டுநரை உறுதிசெய்தல். தண்டவாளப் பராமரிப்பு பல நாடுகளில் வார இறுதியிலும் பின்னிரவிலும்தான் நடக்கும் என்பதால், ஞாயிறு காலை விமானத்துக்குச் செல்பவர் இரண்டாவதை ஒருபோதும் விட்டுவிடக் கூடாது.

இதனுடன், எத்தனை மணிக்கு மாற்று வழிக்குத் திரும்புவது என்பதையும் தீர்மானித்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன எடுத்துக்காட்டில் ரயிலை நம்பிக் கிளம்பியவர், நெரிசலுக்கும் இடம்விட்டு, 6:15க்குப் பதிலாக 5:30க்கே வீட்டை விட்டுக் கிளம்பி, 6:05க்குள் ரயில் வரவில்லையென்றால் நடைமேடையை விட்டு வெளியேறி டாக்சி பிடிப்பது என்று முன்பே முடிவு செய்திருக்க வேண்டும். நடைமேடையில் நிற்கும்போது, இன்னும் ஐந்து நிமிடத்தில் வந்துவிடும் என்ற அறிவிப்பை நம்பி நம்பி அரை மணி நேரத்தைத் தொலைப்பது மனித இயல்பு. முடிவை முந்தைய இரவே எடுத்துவிட்டால் அந்த இழுபறிக்கு இடமில்லை.

திரும்பி வரும்போது இதே வழி பொருந்தும் என்று எண்ண வேண்டாம். விமானம் இரவு தாமதமாகத் தரையிறங்கினால் கடைசி ரயில் போயிருக்கும். முதல்முறை வரும் ஊரில் செல்பேசி இணைப்பு உடனே கிடைக்காமல் போகலாம். ஆகவே தங்குமிட முகவரியை அந்த ஊர் மொழியில் எழுதி வைத்துக்கொண்டு, வாசலில் வந்து அழைப்பவர்களைத் தவிர்த்து, நிலையத்தின் அதிகாரபூர்வ டாக்சி வரிசையிலோ கவுன்டரிலோ வண்டி எடுக்க வேண்டும்.

இவ்வளவும் செய்தும் வழியில் சிக்கிக்கொண்டால், வண்டியில் இருக்கும்போதே விமான நிறுவனத்தை அழைத்து நிலைமையைச் சொல்லுங்கள். விமானம் புறப்படும் முன் தகவல் தந்த பயணிக்கு அடுத்த விமானத்துக்கு மாற்றித் தருவதில் சில நிறுவனங்கள் சலுகை காட்டுகின்றன, தகவலின்றி வராதவரின் மீதிப் பயணங்களை, திரும்பும் டிக்கெட் உட்பட, பல நிறுவனங்கள் ரத்துசெய்துவிடுகின்றன. நிலையத்தை அடைந்ததும் நீண்ட வரிசையின் கடைசியில் போய் நிற்காமல், வரிசையை ஒழுங்குபடுத்தும் ஊழியரிடம் விமான எண்ணையும் புறப்பாட்டு நேரத்தையும் சொல்லுங்கள். மூடவிருக்கும் விமானத்தின் பயணிகளைத் தனியே அழைத்து முன்னால் அனுப்புவது பல நிலையங்களில் உள்ள நடைமுறை.